கொல்லிமலைப் படிகளும் நம் தமனிகளும்: உயர் இரத்த அழுத்தம் உள்ளோருக்கு நடை என்ன செய்கிறது?

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குக் காரவள்ளி வழியாகப் போகிறவர்கள் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே செல்கிறார்கள். மலையின் மேற்பரப்பு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விடுமுறை நாள்களில் வேன் பிடித்துக் குடும்பம் குடும்பமாக வருகிறவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம், ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் படிகள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் அவை. பிள்ளைகள் ஓடி இறங்கிவிடுவார்கள். வாப்பாவும் உம்மாவும்தான் மேலேயே தயங்கி நிற்பார்கள். "பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், நான் இறங்கலாமா?" என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

"பிரஷர் இருந்தால் படியே ஏறக் கூடாது" என்று சிலர் தடுப்பார்கள். "இந்த மலையில் எழுபது வயதுக்காரர்கள் சுமையோடு ஏறி இறங்குகிறார்களே, உங்களுக்கு என்ன?" என்று சிலர் இழுத்துச் செல்வார்கள். இரண்டு பேச்சிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. உயர் இரத்த அழுத்தம் உள்ளவருக்கு உடலுழைப்பு தேவை. அது அவருடைய தமனிகளுக்கு நேரடியாகப் பயன் தருகிறது. ஆனால், வருடம் முழுவதும் உட்கார்ந்திருந்துவிட்டு ஒரே நாளில் செய்யும் உழைப்பு அந்தப் பயனைத் தராது. சில வேளைகளில் ஆபத்தையும் கொண்டுவரும். இது ஏன் என்பதைப் புரிந்துகொண்டால், படிகளின் முன் நிற்கும்போது மட்டுமல்ல, வீட்டில் இருக்கும் மற்ற நாள்களிலும் என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகும்.

தமனி வெறும் குழாய் அல்ல

இதயத்திலிருந்து இரத்தத்தை உடலெங்கும் எடுத்துச் செல்லும் குழாய்களைத் தமனிகள் என்கிறோம். வீட்டில் இருக்கும் தண்ணீர்க் குழாயைப் போல இவற்றை நினைத்துக்கொள்கிறோம். ஆனால் தமனியின் சுவர் உயிருள்ளது. அதில் மூன்று அடுக்குகள் உண்டு. வெளியடுக்கு குழாயைத் தாங்கிப் பிடிக்கிறது. நடுவடுக்கில் தசையும், இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் மீள்நார்களும் இருக்கின்றன. உள்ளே, இரத்தம் நேரடியாகத் தொடும் இடத்தில், ஒற்றைச் செல் கனமுள்ள மெல்லிய உள்ளடுக்கு இருக்கிறது. எண்டோதீலியம் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

இந்த உள்ளடுக்கு நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கிறது. அது நடுவடுக்குத் தசையைத் தளர்த்தித் தமனியை விரியச் செய்கிறது. ஒரு வாயு உடலுக்குள் இப்படிச் செய்தி சொல்லும் பொருளாகச் செயல்படுகிறது என்பதைக் கண்டறிந்ததற்காக இராபர்ட் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராத் ஆகிய மூவருக்கும் 1998இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

மருத்துவமனையில் அளக்கும்போது 140/90 அல்லது அதற்கு மேல் தொடர்ந்து இருந்தால் உயர் இரத்த அழுத்தம் என்கிறோம். வீட்டில் அளக்கும்போது இதற்கு இணையான அளவு 135/85. இந்த அழுத்தம் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் தமனிச் சுவர் தடிக்கிறது. மீள்நார்கள் தேய்ந்து, அந்த இடத்தில் விறைப்பான நார்கள் கூடுகின்றன. உள்ளடுக்கு சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடின் பயனும் குறைகிறது.

இளமையான பெருந்தமனி, இதயம் ஒருமுறை சுருங்கும்போது கொஞ்சம் விரிந்து அந்த வேகத்தைத் தாங்கிக்கொள்ளும். பிறகு மெல்லச் சுருங்கி, இரத்தத்தைச் சீராக முன்னே தள்ளும். விறைத்த தமனிக்கு இது முடியாது. ஒவ்வொரு துடிப்பின் அடியும் குறையாமல் மூளை, சிறுநீரகம், கண் ஆகியவற்றின் நுண்ணிய குழாய்கள் வரை போய்ச் சேர்கிறது. வயதானவர்கள் பலருக்கு மேல் அளவு மட்டும் 160, 170 என்று ஏறி, கீழ் அளவு 80க்குக் கீழே நிற்பதற்கு இந்த விறைப்புதான் முக்கியக் காரணம். பக்கவாதமும் சிறுநீரகப் பாதிப்பும் பெரும்பாலும் எந்த வலியும் காட்டாமல் இப்படித்தான் நெருங்கி வருகின்றன.

நடக்கும்போது உள்ளே நடப்பது

நாம் வேகமாக நடக்கும்போது தசைகள் கூடுதல் இரத்தம் கேட்கின்றன. தமனிக்குள் ஓட்டம் கூடுகிறது. கூடிய ஓட்டம் உள்ளடுக்கை உரசிச் செல்லும்போது, அந்த உரசலே நைட்ரிக் ஆக்சைடு சுரப்பதற்கான கட்டளையாகிறது. தமனி விரிகிறது. நடந்து முடித்த பிறகும் சில மணி நேரம் இரத்த அழுத்தம் முன்பைவிடக் குறைவாக இருப்பதைப் பலரிடம் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

இதை நாள்தோறும் செய்தால் என்ன ஆகும்? ஜப்பானில் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களை 12 வாரங்கள், வாரத்தில் 5 முதல் 7 நாள், நாளுக்கு 30 நிமிடம் வேகமாக நடக்க வைத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய தமனிகளின் விரியும் திறன் கூடியிருந்தது. நைட்ரிக் ஆக்சைடுதான் இதற்குக் காரணம் என்பதும் தெரிந்தது. 1999இல் இந்த முடிவு வெளியானது. அடுத்த ஆண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த ஓர் ஆய்வு, உட்கார்ந்தே பழகிய நடுத்தர வயது, முதிய வயது ஆண்களைப் பற்றியது. அவர்கள் ஆரோக்கியமானவர்கள். சுமார் மூன்று மாத நடைப் பயிற்சியில் அவர்களுடைய கழுத்துத் தமனியின் நெகிழ்வு ஏறக்குறைய 25 சதவீதம் கூடியது.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே மேல் அளவு ஏறி, பெருந்தமனி நன்றாக விறைத்துவிட்ட முதியவர்களிடம் ஆஸ்திரேலியாவில் இதே போலச் சோதித்தார்கள். எட்டு வாரப் பயிற்சிக்குப் பிறகும் பெருந்தமனியின் விறைப்பு மாறவில்லை. 2001இல் வெளியான முடிவு இது. பின்னாளில் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, பயிற்சி நீண்ட காலம் தொடர்ந்து, அழுத்தமும் நன்றாகக் குறைந்தவர்களிடமே விறைப்பும் குறைந்தது தெரிந்தது.

ஆக, தமனியின் உள்ளடுக்கு சில வாரங்களிலேயே நன்மை பெறத் தொடங்குகிறது. சுவரின் விறைப்பு இளகுவதற்கு நீண்ட பொறுமை வேண்டும். நாற்பது வயதில் தொடங்குகிறவருக்கும் எழுபது வயதில் தொடங்குகிறவருக்கும் உள்ள வேறுபாடு இதுதான். எழுபதில் தொடங்கினாலும் பயன் உண்டு. ஆனால் சேதம் ஏறிய பிறகு சரிசெய்வதைவிட ஏறவிடாமல் காப்பது எளிது.

எண்களில் சொன்னால், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் நடை, சைக்கிள் போன்ற பயிற்சிகள் மேல் அளவைச் சராசரியாக 8, கீழ் அளவை 5 அளவுக்குக் குறைத்ததாக 2013இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. வழக்கமான அளவில் தரப்படும் ஒரு பிரஷர் மாத்திரை குறைப்பதற்கு இது மிக அருகில் வருகிறது. ஆனால் நடையை நிறுத்தினால் சில வாரங்களிலேயே இந்தப் பயன் கரையத் தொடங்குகிறது. இளம் வயதில் விளையாட்டு வீரராக இருந்ததும், கிராமத்தில் மண்வெட்டி பிடித்ததும் இன்றைய தமனிக்குப் போதாது.

மலை மக்களுக்குப் பிரஷர் வராதா?

கொல்லிமலையில் வாழும் பழங்குடி மக்கள் மலையாளிகள் எனப்படுகிறார்கள். கேரளத்தவரோடு இந்தப் பெயரைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். சரிவுகளில் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு பயிரிட்டார்கள். உழவு, களையெடுப்பு, அறுவடை, தலைச்சுமை, விறகு என்று எல்லாமே ஏற்ற இறக்கத்தில் நடந்தவை. தானியத்தை உரலில் குத்தி உமி நீக்குவது பெண்களின் அன்றாட வேலை.

இப்படிப்பட்ட வாழ்க்கை தமனிகளை எப்படி வைத்திருக்கும் என்பதற்குத் தென் அமெரிக்காவிலிருந்து ஒரு சான்று இருக்கிறது. பொலிவியா நாட்டின் சிமானே பழங்குடியினர் 705 பேரின் இதயத் தமனிகளைச் சி.டி. ஸ்கேன் மூலம் பார்த்த ஆய்வு 2017இல் வெளியானது. 40 முதல் 94 வயது வரையிலான அவர்களில் 85 சதவீதத்தினருக்கு இதயத் தமனியில் சுண்ணாம்புப் படிவு இல்லவே இல்லை. அவர்களில் ஆண்கள் நாளுக்கு 6 முதல் 7 மணி நேரமும், பெண்கள் 4 முதல் 6 மணி நேரமும் உடல் அசைவில் இருந்தார்கள். உணவில் கொழுப்பு குறைவு, புகைப்பழக்கமும் குறைவு. எனவே பெருமை முழுவதையும் உழைப்புக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் முதுமை வந்தால் தமனி கெடத்தான் செய்யும் என்ற எண்ணத்தை அந்த ஆய்வு அசைத்துவிட்டது.

அப்படியானால் கொல்லிமலையில் பிறந்தவருக்குப் பிரஷர் வராது என்று சொல்லலாமா? சொல்ல முடியாது. இந்தியப் பழங்குடியினரிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியிட்டபோது, அவர்களில் சுமார் 16 சதவீதத்தினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பது தெரிந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது கூடிவருவதும் தெரிந்தது. நாடு முழுவதும் 1,13,043 பேரிடம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான இன்டியாப் ஆய்வில் இந்த அளவு 35.5 சதவீதம். அளந்த காலமும் முறையும் வேறு என்பதால் இரண்டு எண்களையும் நேருக்கு நேர் நிறுத்தி ஒப்பிட முடியாது. ஆனால் மலையும் காடும் மட்டுமே யாரையும் காப்பதில்லை என்பது தெரிகிறது.

கொல்லிமலையின் வாழ்க்கையும் மாறிவிட்டது. சிறுதானியம் விளைந்த நிலங்களில் பெரும்பகுதிக்கு, சேகோ ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி வந்துவிட்டது. தட்டில் ரேஷன் அரிசி வந்தது. சாலையும் பைக்கும் வந்தன. சிறுதானியச் சாகுபடியைக் காக்க அங்கே நெடுங்காலமாகப் பணியாற்றிவரும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், உரல் குத்தும் பெண்களின் சிரமத்தைக் குறைக்க அரவை இயந்திரங்களை அறிமுகப்படுத்தியது. இது நல்ல மாற்றம். மணிக்கணக்கில் உரல் குத்துவதை உடற்பயிற்சி என்று புகழ்ந்து அந்தப் பெண்களிடமே விட்டுவைப்பது நியாயமல்ல. ஆனால் வேலையாகச் செய்துவந்த அசைவு நம் வாழ்விலிருந்து நீங்கும்போது, அந்த இடத்தில் நாமே தேர்ந்து செய்யும் அசைவு வந்தாக வேண்டும். கொல்லிமலைக்கும் சென்னைக்கும் இதில் வேறுபாடில்லை.

எவ்வளவு, எப்படி?

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பையும், வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியையும் கேட்கிறது. நாளுக்கு 30 நிமிடம் என்று ஐந்து நாள் நடந்தால் முதல் கணக்கு நிறைவேறிவிடும்.

மிதமான வேகம் எது என்பதற்குக் கருவி வேண்டாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. பேசவே திணறினால் வேகம் அதிகம். சில பிரஷர் மாத்திரைகள் நாடித் துடிப்பையே கட்டுப்படுத்தி வைப்பதால், அவற்றைச் சாப்பிடுகிறவர்கள் துடிப்பை எண்ணி வேகத்தை முடிவு செய்ய முடியாது. அவர்களுக்கு இந்தப் பேச்சுச் சோதனையே பொருத்தமானது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் வாரம் பத்து நிமிடம் நடந்தால் போதும். வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டிக்கொள்ளலாம். பஜ்ருக்குப் பிறகான நேரம் நம்மில் பலருக்கு வசதியானது. பள்ளிவாசலுக்கு வண்டியை எடுக்காமல் நடந்து போய் வருவதும் கணக்கில் சேரும். தொழுகையின் நிலைகள் மூட்டுகளுக்கும் சமநிலைக்கும் உதவுகின்றன. ஆனால் அதன் அசைவு மிக மென்மையானது. ஆகவே "ஐந்து வேளை தொழுகிறேன், தனியாக நடை எதற்கு?" என்று இருந்துவிடக் கூடாது.

நம் வீட்டுப் பெண்களின் நிலையைத் தனியாக எண்ணிப் பார்க்க வேண்டும். நாள் முழுவதும் சமையலறையில் நிற்கிறார்கள். களைப்பும் வருகிறது. ஆனால் நின்றபடி செய்யும் வேலையில் இரத்த ஓட்டம் நடையில் கூடுவது போலக் கூடுவதில்லை. தெருவில் நடக்கத் தயக்கம் இருந்தால் மொட்டை மாடி போதும். இருவர் மூவராகச் சேர்ந்து நடக்கலாம். அந்த அரை மணி நேரத்துக்கு வீட்டு வேலையை மற்றவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் தொடங்கிய "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அடையாளமிடப்பட்டுள்ளது. அதையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

அசையாமல் நிற்கும் பயிற்சியும் உண்டு. சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் அமர்ந்ததுபோல் முழங்காலை மடக்கி நிற்பது. இரண்டு நிமிடம் நின்று, இரண்டு நிமிடம் ஓய்வு எடுத்து, இப்படி நான்கு முறை. வாரத்துக்கு மூன்று நாள் போதும். 270 ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளியான முடிவில், அழுத்தத்தைக் குறைப்பதில் இவ்வகைப் பயிற்சிகள் முன்னணியில் இருந்தன. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது ஒத்துவராது. அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

எந்தப் பயிற்சியிலும் மூச்சை அடக்கக் கூடாது. 1985இல் கனடாவில் பளுதூக்கிப் பழகியவர்களின் தமனிக்குள் நேரடியாக அளந்தபோது, மூச்சை அடக்கிக் காலால் பளுவைத் தள்ளிய நேரத்தில் மேல் அளவு 300ஐத் தாண்டியது. அரிசி மூட்டை தூக்கும்போதும், சிலிண்டரை நகர்த்தும்போதும், மலச்சிக்கலில் முக்கும்போதும் இதே விதி பொருந்தும்.

படிகளில் இறங்கும் முன்

இனி ஆகாய கங்கைக்கு வருவோம். ஒரு படி 15 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொண்டால், 1,000 படி என்பது 150 மீட்டர். ஏறக்குறைய 50 மாடிக் கட்டடத்தின் உயரம். அதிலும் இந்த இடத்தில் எளிய பாதி முதலில் வந்துவிடுகிறது. இறங்கும்போது மூச்சு வாங்காது. தெம்பாக இருப்பதாகத் தோன்றும். குளித்து, களைத்து, பசித்த பிறகுதான் ஏற்றம் தொடங்குகிறது. நடுவில் முடியாமல் போனால் மேலே வர வேறு எளிய வழி இல்லை.

கொல்லிமலையின் உயரத்தை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொல்லை தருகிறது. இங்கே கவனிக்க வேண்டியது ஏற்றம் மட்டுமே.

* வீட்டில் மூன்று, நான்கு மாடிப் படிகளை நிற்காமல், நெஞ்சு அடைக்காமல் ஏற முடியாதவர் அருவிப் படிகளில் இறங்க வேண்டாம். மேலிருந்தே மலையை இரசிக்கலாம்.
* பயணத்துக்கு முன் சில வாரங்கள் நடையும் மாடிப்படியும் பழகிக்கொள்ளுங்கள்.
* அன்று காலை மாத்திரையை விடக் கூடாது. வழியில் சிறுநீர் வரும் என்று பயந்து மாத்திரையைத் தள்ளிப்போடுவது நம்மிடம் உள்ள கெட்ட பழக்கம்.
* சிறுநீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.
* ஓய்வாக இருக்கும்போதே அளவு 180/110ஐ எட்டியிருந்தால் அன்று படியேற்றம் இல்லை. மருத்துவரைப் பார்க்க வேண்டும்.
* பிரியாணி சாப்பிட்ட கையோடு ஏறக் கூடாது. ஏறும்போது ஐம்பது படிக்கு ஒருமுறை நின்று, மூச்சு சீரான பிறகு தொடருங்கள். பிள்ளைகளோடு போட்டி வேண்டாம்.
* நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை, வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், ஒரு பக்கக் கை காலில் பலவீனம் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே உட்கார வைத்து 108ஐ அழையுங்கள். "வாயுத் தொல்லை" என்று சோடா வாங்கிக் கொடுத்து நேரத்தைப் போக்கக் கூடாது.

ஹஜ், உம்ராவுக்குச் செல்லும் முதியவர்களுக்கும் இந்த முன்பயிற்சி தேவை. ஸஃபா, மர்வாவுக்கு இடையிலான ஏழு ஓட்டங்கள் மட்டுமே மூன்று கிலோமீட்டருக்கு மேல் வரும். தவாஃபும் மற்ற நடைகளும் அதற்கு மேல்.

மாத்திரையை நிறுத்தலாமா?

நடக்கத் தொடங்கி இரண்டு மாதத்தில் அளவு 130/80க்கு வந்துவிட்டால், "சரியாகிவிட்டது" என்று பலரும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அந்த அளவு மாத்திரையும் நடையும் சேர்ந்து கொடுத்தது. ஒன்றை எடுத்தால் அது மீண்டும் ஏறும். சில வகை மாத்திரைகளைத் திடீரென நிறுத்துவது ஆபத்தும்கூட. குறைப்பதா, நிறுத்துவதா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எழும்போது தலைசுற்றல் இருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். ரமளானில் மாத்திரை நேரத்தை மாற்றுவதும் அவரைக் கேட்டே நடக்கட்டும்.

உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். ஊறுகாய், கருவாடு, அப்பளம் ஆகியவற்றில் மறைந்து வருவதையும் இதில் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், பிரஷர், சர்க்கரை நோயாளிகளுக்கு வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தருகிறார்கள். மலைக் கிராமங்களில் வாழ்வோருக்கும், வெளியே செல்ல இயலாத முதியவர்களுக்கும் இது உதவியானது. நம் தெருவில் யாருக்காவது இது சென்று சேரவில்லை என்றால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிப் பதிவு செய்து கொடுப்போம்.

நம் குடும்பத்தில் 30 வயதைக் கடந்த எல்லோரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது அழுத்தத்தை அளந்து பார்ப்போம். ஏற்கெனவே பிரஷர் உள்ள பெரியவர்களை "நீங்கள் உட்காருங்கள்" என்று முடக்கி வைக்காமல், அவர்களோடு சேர்ந்து தினமும் அரை மணி நேரம் நடப்போம். அடுத்த விடுமுறையில் கொல்லிமலைக்குப் போகும் திட்டம் இருந்தால், அதற்கான நடையை இந்த வாரமே தொடங்கலாம்.